மாற்றலாகி வரும் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

கணித மேதை சீனிவாச ராமானுஜன் பத்து வயது நிறைவதற்குள் மூன்று ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டவர். ஈரோடு முன்சீப் கோர்ட்டில் வேலை பார்த்த தாய்வழித் தாத்தாவுக்கு அந்த வேலை போனதும் அவர் காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்தார். மகளும் பேரனும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1894-இல் ராமானுஜனைச் சேர்த்த பள்ளியில் பாடமெல்லாம் தெலுங்கில். அதன்பின் சென்னை. அந்தப் பள்ளி அவருக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை. போகமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை ஒழுங்காக வகுப்புக்குப் போகிறானா என்று பார்த்துக்கொள்ள, வீட்டார் ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் உதவியை நாடினார்கள். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை, வீடிருந்த கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டார். காங்கேயன் தொடக்கப் பள்ளியை முடித்து 1898-இல் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தவர், 1904 வரை அங்கேயே படித்தார். லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தைத் தானாகவே கரைத்துக் குடித்ததும், பரிசு மேல் பரிசாக வாங்கியதும் அந்த ஆறு ஆண்டுகளில்தான்.

குடும்பம் ஊர் மாறினால் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்ற கவலைக்கு இப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட வயது ஆகிறது. இன்றும் மே மாதம் மாற்றல் உத்தரவு வந்த வீடுகளில் இதே பேச்சுதான். புது ஊரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பெரிய அரசு மேல்நிலைப் பள்ளியா, வாசலுக்கு வேன் அனுப்பும் தனியார் பள்ளியா? ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா? ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குள் பிடித்துக்கொள்வாளா? அடுத்த மாற்றல் வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இன்று இருக்கும் பள்ளி வகைகளில் பலவும் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகவே உருவானவை. ஒவ்வொன்றின் பின்னாலும் இடம் மாறும் ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு குரல் இருந்ததோ அவ்வளவு நல்ல ஏற்பாடு அதற்குக் கிடைத்தது. குரல் இல்லாதவர்கள் நேராகப் பக்கத்திலிருந்த அரசுப் பள்ளிக்குப் போனார்கள்.

ஒரே தேர்வு, ஒரே மொழி

சென்னை மாகாணம் வடக்கே கஞ்சத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரையும், மேற்குக் கரையில் மலபார், மங்களூர் வரையும் பரந்து கிடந்தது. தாசில்தார், முன்சீப், ரயில்வே கணக்கர், பள்ளி ஆசிரியர் என்று சர்க்கார் சம்பளமோ கம்பெனிச் சம்பளமோ வாங்கியவர்கள் இந்தப் பரப்புக்குள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். தமிழ் பேசும் குடும்பம் தெலுங்கு ஊரிலும், மலையாளக் குடும்பம் தமிழ் ஊரிலும் பல வருடம் இருப்பது சகஜம்.

அவர்கள் பிள்ளைகளைச் சேர்த்த உயர்நிலைப் பள்ளிகளை அரசு, தனியார் என்று இன்று போல் துல்லியமாகப் பிரிக்க முடியாது. 1854-இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, மிஷனரிகளும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறைக்கு வழி திறந்தது. நடத்துவது தனியார், செலவில் ஒரு பங்கு சர்க்கார் பணம். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல், திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல், மதுரை சேதுபதி ஹைஸ்கூல் எல்லாம் அந்த வகையில் வளர்ந்தவை. சிறு நகரங்களில் ஜில்லா போர்டு ஹைஸ்கூலோ முனிசிபல் ஹைஸ்கூலோ இருந்தது. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்ட பிறகு இவை படிப்படியாக அரசு உயர்நிலைப் பள்ளிகளாயின. பல ஊர்களில் இன்றும் வயதானவர்கள் அரசுப் பள்ளியை ‘போர்டு ஸ்கூல்’ என்றே சொல்வார்கள்.

நடத்துபவர் யாராக இருந்தாலும் எழுத வேண்டிய தேர்வு பொதுவாக இருந்தது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் தேர்வு நடத்தியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. உயர் வகுப்புகளில் பயிற்று மொழி ஆங்கிலம். நெல்லூரில் நான்காம் பாரம் படித்த பையன் திருச்சியில் ஐந்தாம் பாரத்தில் உட்கார்ந்தால் கணக்கும் சரித்திரமும் அதே மொழியில், ஏறக்குறைய அதே பாடத்திட்டத்தில் தொடரும். தடுக்கியது தாய்மொழிப் பாடத்தில் மட்டும்தான்.

சர் சி.வி. ராமன் இதற்கு நல்ல உதாரணம். 1888-இல் திருச்சியில் பிறந்த அவருக்கு நான்கு வயதாகும்போது, தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை ஏற்றார். தெலுங்கு ஊருக்குப் போன தமிழ்ப் பிள்ளையை செயின்ட் அலாய்சியஸ் பள்ளியில் சேர்த்தார்கள். கத்தோலிக்க மிஷன் பள்ளி, ஆங்கில வழி. அங்கிருந்து 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார்.

ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகரின் கதை வேறு மாதிரி. தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே தணிக்கைத் துறையில் உயர் அதிகாரி. 1910-இல் லாகூரில் பிறந்த பிள்ளை, லக்னோ வழியாக 1918-இல் சென்னைக்கு வந்தார். அதுவரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் காலை ஊன்றவில்லை. 12 வயது வரை வீட்டிலேயே படிப்பு. தமிழ் சொல்லிக்கொடுத்தவர் தாய் சீதாலட்சுமி. இப்சனின் ‘ஒரு பொம்மையின் வீடு’ நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர். குடும்பம் சென்னையில் நிலைத்த பிறகே, 1922-இல் திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு அங்கே படித்துவிட்டு மாநிலக் கல்லூரிக்குப் போனார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவருக்கு வாய்த்த பள்ளிக்கூட வாழ்க்கை அவ்வளவுதான். வீட்டிலேயே பாடம் சொல்லத் தெரிந்த தாயும் தந்தையும் இருந்ததால் மாற்றல்கள் அவர் படிப்பைத் தொடவில்லை.

அப்படி வாய்க்காத வீடுகள் பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டன. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் தந்தை மைசூர் சமஸ்தானத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். ஊர் ஊராக மாறும் உத்தியோகம். ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய அவருடைய மகன் வளர்ந்தது சென்னை புரசைவாக்கத்தில், பாட்டியிடம். லூத்தரன் மிஷன் பள்ளியில் தொடங்கிச் சென்னைப் பள்ளிகள் சிலவற்றில் படித்தார். தந்தை மைசூர் மகாராஜா காலேஜியேட் ஹைஸ்கூலுக்குத் தலைமையாசிரியராக வந்த பிறகுதான் மகனும் அந்தப் பள்ளிக்கு மாறினார். பாட்டி வீடு, மாமா வீடு, சத்திரத்துச் சாப்பாடு, மிஷன் ஹாஸ்டல் ஆகியவையும் அன்றைய கல்வி ஏற்பாட்டில் அடக்கம். ராமேஸ்வரத்திலிருந்து அப்துல் கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் ஹைஸ்கூலுக்குத் தனியாகப் படிக்கப் போனதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். 1785-வாக்கில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளி தொடங்கிய ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸின் பெயரைத் தாங்கிய பள்ளி அது.

காலனியோடு வந்த பள்ளி

ஒரு குடும்பம் மாறினால் அது அந்தக் குடும்பத்தின் கவலை. ஒரு தொழிற்சாலையே மாறினால்?

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நெடுங்காலம் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் பிற்பகுதியில் அதைத் திருச்சிக்கு அருகே பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். கருமான், தச்சர், ஃபிட்டர், குமாஸ்தா என்று தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரை ஊரைவிட்டுப் பாறைக் காட்டுக்கு வந்து இறங்கின. அங்கே வீதி வீதியாக ரயில்வே குவார்ட்டர்ஸ் எழுந்தது. ஆஸ்பத்திரியும் சந்தையும் பள்ளிக்கூடமும் காலனிக்குள்ளேயே வந்தன. ஈரோடு, மதுரை, பெரம்பூர், அரக்கோணம் போன்ற ரயில்வே ஊர்களிலும் ரயில்வே பள்ளிகள் உண்டு. டிரைவர் அப்பா லைனுக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் வீடு திரும்பினாலும், பிள்ளையின் பள்ளிக்கூடம் குவார்ட்டர்ஸுக்கு நடை தூரத்தில் இருக்கும். அப்பாவை இன்னொரு ரயில்வே ஊருக்குத் தூக்கிப் போட்டாலும் அங்கேயும் அதே மாதிரி ஒரு பள்ளி.

சுதந்திரத்துக்குப் பின் பொதுத்துறை நிறுவனங்கள் இதே வழியில் போயின. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானபோது, அதற்காக நிலத்தைக் கொடுத்த கிராமங்களின் பக்கத்தில் வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. நிறுவனமே பள்ளிகளையும் நடத்தியது. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை தன் ஊழியர் பிள்ளைகளுக்கென அணுசக்தி மத்தியப் பள்ளிகளைத் திறந்தது. புது ஊருக்கு வரும் பொறியாளருக்கு வீட்டுச் சாவியோடு பள்ளி இடமும் கிடைத்தது. நகரியத்தின் வேலிக்கு வெளியே இருந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஊராட்சிப் பள்ளி.

1956-க்குப் பிறகு

மாகாணம் முழுவதும் ஒரே தேர்வு, ஒரே மொழி என்ற ஏற்பாடு இரண்டு கட்டமாகக் கலைந்தது. 1930களின் இறுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளிலும் தாய்மொழியில் பாடம் நடத்தும் முறை வந்தது. ஊரில் நிலைத்து வாழும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு அது செய்த நன்மை மிகப் பெரிது. குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் அறிவியலைத் தன் மொழியில் புரிந்துகொண்டான். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. இனி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பாடத்திட்டம், தனிப் புத்தகம், தனித் தேர்வு. சென்னையிலிருந்து நாக்பூருக்கோ ஹைதராபாதுக்கோ மாற்றப்பட்ட தபால் துறை ஊழியரின் மகள் புது மொழியில், புதுப் பாடத்தில், முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்தச் சங்கடம் இரண்டாவது ஊதியக் குழுவின் முன் வந்தது. மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பொதுவான பாடத்திட்டமும் பயிற்று மொழியும் கொண்ட பள்ளிகள் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. சம்பளத்தைப் பற்றிப் பேச அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையிலிருந்து ஒரு பள்ளி அமைப்பு பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1962 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தை ஏற்றது. 1963-64 கல்வியாண்டில், ராணுவப் படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு மத்தியப் பள்ளிகளாக்கினார்கள். 1965 டிசம்பரில் கேந்திரிய வித்யாலயா சங்கதன் பதிவு செய்யப்பட்டது. இன்று 1,200-க்கும் மேற்பட்ட கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன; காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் நகரங்களிலும் ஒவ்வொன்று.

அதே காலத்தில் தேர்வு வாரியமும் தயாரானது. ராஜபுதனப் பகுதிக்காக 1929-இல் அமைந்து, 1952-இல் இன்றைய பெயரைப் பெற்ற மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தை 1962-இல் திருத்தி அமைத்தார்கள். அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குச் சேவை செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று என்று அப்போதே சொல்லப்பட்டது. சிபிஎஸ்இ என்றால் நீட், ஜே.இ.இ. என்று இன்று பேசுகிறோம். அது தமிழ்நாட்டுக்குள் வந்தது டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு வந்தவர்களுக்காக.

தமிழ்நாட்டில் கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கும் இடங்களைப் பார்த்தாலே யாருக்காக அவை வந்தன என்பது புரியும். ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் சீருடைத் தொழிற்சாலையும், தாம்பரம், சூலூரில் விமானப்படை, வெலிங்டனில் ராணுவம், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, சென்னையில் ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிலையம், மீனம்பாக்கம். சேர்க்கை விதியும் அப்படியே. முதல் இடம் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. பிறகு பொதுத்துறை, மாநில அரசு என்று வரிசை நீளும். ஒரே பிரிவுக்குள் போட்டி வந்தால், கடந்த 7 ஆண்டுகளில் பெற்றோருக்கு எத்தனை முறை மாற்றல் வந்தது என்பதைக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கேந்திரிய வித்யாலயாவின் மாற்றுச் சான்றிதழோடு இன்னொன்றுக்குப் போனால், பெற்றோர் மாற்றலாகி வந்திருக்கும்போது, நடு ஆண்டிலும் இடம் உண்டு. ஜம்முவில் பாதி படித்த அத்தியாயத்தை மண்டபத்தில் அதே புத்தகத்தில், அதே பக்கத்திலிருந்து தொடரலாம்.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. இந்தியும் ஆங்கிலமும் நடுவில் நிற்கும் அந்தப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல. போதிய எண்ணிக்கையில் மாணவர்கள் கேட்டால் பகுதி நேர ஆசிரியரை வைத்துச் சொல்லித்தருவது என்பதே ஏற்பாடு. 1968-இல் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் இருமொழிக் கொள்கைக்கு மாறிய மாநிலத்தில், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் பள்ளிப்படிப்பை முடிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உருவானார்கள்.

இன்னொரு முரண்பாடும் அதே பத்தாண்டில் நேர்ந்தது. 1964 முதல் 1966 வரை ஆய்வு செய்த கோத்தாரி கல்விக் குழு, எல்லோருக்கும் பொதுவான பள்ளி முறையும் அருகமைப் பள்ளியும் வேண்டும் என்றது. அதிகாரியின் மகனும் அவருடைய அலுவலகத்துக் கடைநிலை ஊழியரின் மகனும், காய்கறிக்காரரின் மகனும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஊருக்குப் புதிதாக வருபவருக்கு இதைவிட எளிய விடை இல்லை: எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்திலிருக்கும் பள்ளிதான் பிள்ளையின் பள்ளி. அந்தப் பரிந்துரை ஏட்டில் நின்றது. மாறிப் போகிறவர்களில் செல்வாக்குள்ளவர்களுக்குத் தனிப் பள்ளி கிடைத்துவிட்ட பிறகு, பொதுப் பள்ளியை மேம்படுத்தச் சொல்லிக் கேட்கும் குரல்களில் வலுவான ஒன்று குறைந்துபோனது.

மெட்ரிக் வந்த விதம்

மாநில அரசு ஊழியர், வங்கி ஊழியர், இன்ஷூரன்ஸ் ஊழியர், மருந்து கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஆகியோருக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்தது. 1969-இல் 14 வங்கிகள் தேசியமயமான பிறகு சின்ன ஊர்களிலெல்லாம் கிளைகள் வந்தன. வங்கி அதிகாரிகள் அங்கங்கே மாற்றப்பட்டார்கள். மூன்று வருடம் இங்கே, மூன்று வருடம் அங்கே. மாநிலத்தைவிட்டு எப்போது வெளியே போகவேண்டியிருக்குமோ என்ற எண்ணத்தில் அவர்கள் ஆங்கில வழிப் பள்ளியைத் தேடினார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. வந்த பிறகும் ஒரு சில பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வையே பிடித்துக்கொண்டிருந்தன. 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள் அந்தப் பொறுப்பைக் கைவிட்டன. 1978-இல் மாநில அரசு மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கெனத் தனி வாரியம் அமைத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. இரண்டும் சேர்ந்து தனியார் பள்ளிக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டன. எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை, கல்லூரி வாசல் வரை ஒரே வளாகத்தில் ஆங்கில வழியில் படிக்கலாம். அடுத்த முப்பது ஆண்டுகளில் மெட்ரிக் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. வட்டாரத் தலைநகரம் எதிலும் மஞ்சள் நிற வேன் இல்லாத தெரு இல்லை என்றாயிற்று.

மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு இது வசதி, அதே சமயம் சுமை. நடுவகுப்பில் சேர்க்க வந்தால் நன்கொடை கேட்டார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பதிப்பகத்தின் புத்தகம் வைத்தது. பழைய புத்தகத்தைப் புது ஊருக்கு எடுத்துப் போய்ப் பயனில்லை. கட்டணத்தைக் கட்டுப்படுத்த 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது; கட்டணத்தை நிர்ணயிக்க நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. மறு ஆண்டே சமச்சீர்க் கல்விச் சட்டம். மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகக் கிடந்த பாடத்திட்டங்களை அது ஒன்றாக்கியது. 2011-இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று வந்த தீர்ப்பு, 10 நாட்களுக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அரசியலாக நினைவில் நிற்கும் அந்தச் சண்டையின் பலன் மாற்றல் குடும்பங்களுக்கும் கிடைத்தது: தூத்துக்குடி அரசுப் பள்ளியிலிருந்து வேலூர் மெட்ரிக் பள்ளிக்குப் போனாலும் பத்தாம் வகுப்பில் அதே பாடம், அதே தேர்வு.

படிப்புக்காக ஊர் மாறியவர்கள்

வேலைக்காக ஊர் மாறிப் பள்ளி தேடிய வழக்கம் ஒரு கட்டத்தில் தலைகீழானது. 1990களிலிருந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். 2006-இல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டம் வந்ததும் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவம், பொறியியலுக்கான ஒரே அளவுகோல் ஆனது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருவேற்றும் பழக்கம் பரவியது. கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன அந்த மாவட்டத்துப் பள்ளிகளைக் கல்வியாளர்கள் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்று கண்டித்தார்கள். நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அங்கே சேர்த்த விவசாயக் குடும்பங்கள் பல. பதினைந்து வயதுப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து இரவு வரை படிப்புக் கூடத்தில் உட்கார்ந்தே இரண்டு வருடத்தைக் கழித்தது.

2017-இல் எல்லாம் ஒரே சமயத்தில் மாறியது. நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கு முழுமையாக வந்தது. மாநில அரசு பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. மதிப்பெண்ணை மட்டுமே நம்பியிருந்த பள்ளிகள் நீட் பயிற்சிக்கு மாறின. பல தனியார் பள்ளிகள் சிபிஎஸ்இ பக்கம் சாய்ந்தன. ஊர் மாறி வரும் குடும்பம் சிபிஎஸ்இ பள்ளி இருக்கும் பகுதியாகப் பார்த்து வீடு தேடும் பழக்கம் மாவட்டத் தலைநகரங்களுக்கும் பரவியது.

அரசுப் பள்ளியின் பக்கத்துத் தராசுத் தட்டிலும் எடை கூடியது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பரவலாக ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. 2020-இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அதேபோல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே அளவுகோலில் 2022-இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஆகவே இன்று ஒரு தாயும் தந்தையும் புது ஊரில் ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது, ஏழு வருடம் தள்ளி வரப்போகும் கல்லூரி இடத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு வந்தால் அந்த உரிமை பொதுவாகப் போய்விடும்.

வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் 2006-07-இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் தமிழ் எல்லோருக்கும் முதல் பாடம். இந்த மண்ணில் வளரும் பிள்ளை இந்த மண்ணின் மொழியைக் கற்கவேண்டும் என்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை புனேயில் படித்துவிட்டு வந்த பெண் இரண்டே வருடத்தில் தமிழில் கட்டுரை எழுதித் தேற வேண்டும் என்றால், அவளுக்கு அகரம் தொடங்கிச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஏற்பாடு எல்லாப் பள்ளியிலும் இல்லை.

ஒரு தாள், ஒரு சட்டப் பிரிவு

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஒரு தாள் நிலையாக இருந்தது. மாற்றுச் சான்றிதழ், எல்லோர் வாயிலும் டி.சி. பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எழுத்தாலும் எண்ணாலும், உடலில் உள்ள இரண்டு அடையாளங்கள், பயிற்று மொழி, எந்த வகுப்பு வரை படித்தார், கட்டணமெல்லாம் செலுத்திவிட்டாரா, நடத்தை எப்படி என்று வரிசையாகக் கேட்கும். ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று தலைமையாசிரியர் எழுதியதை வைத்து வாழ்நாள் முழுவதும் அடையாளம் சொன்னவர்கள் உண்டு. இப்போது அந்தத் தாளோடு, கல்வித்துறையின் கணினிப் பதிவான எமிஸ் தரும் எண்ணும் சேர்ந்துகொண்டது. பழைய பள்ளி கணினியில் விடுவித்தால் பிள்ளையின் பெயர் காமன் பூலுக்குப் போகும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

கட்டண பாக்கி இருக்கும் பெற்றோர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று தனியார் பள்ளி சொல்லும். கொரோனா காலத்தில் வேலை போய், ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் இதில் பட்டது கொஞ்சமல்ல. அந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் தனியார் பள்ளிகளைவிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வந்தார்கள். டி.சி. இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர்களால் பலரின் படிப்பு நிற்காமல் தப்பியது. டி.சி. என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொன்னது.

அந்தத் தலைமையாசிரியர்கள் செய்தது வெறும் கருணை மட்டும் அல்ல. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைப் பிள்ளையின் உரிமையாக்கியது. டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. ஆனால் இந்த உரிமை செல்லுபடியாகும் இடம் அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் மட்டுமே. உதவிபெறாத தனியார் பள்ளிக்கு விலக்கு. மாற்றலாகும் ஊழியர்களுக்கெனவே தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயாவுக்கும் விலக்கு. சைனிக் பள்ளி போல அதுவும் சட்டத்தின் கணக்கில் தனி வகை. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடமும் நுழைவு வகுப்பில் மட்டும்தான். ஐந்தாம் வகுப்பில் ஊர் மாறி வரும் பிள்ளைக்கு அது உதவாது. ஆக, எந்த மாதத்தில், எந்த ஊரிலிருந்து, எந்த நிலையில் வந்தாலும் உள்ளே விட வேண்டிய கடமை பெருமளவு அரசுப் பள்ளியின் தோளில் இருக்கிறது.

அப்படி வருகிறவர்களில் மாற்றல் உத்தரவே இல்லாதவர்கள் அதிகம். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வரும் பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள், சென்னையின் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்குபவர்கள். சூளைப் பிள்ளைகளுக்கு ஒடிய மொழிப் புத்தகங்களோடு சிறப்பு மையங்கள் நடத்தப்பட்டிருக்கின்றன. சூளை வேலை பருவத்தோடு முடிந்துவிடும். பிள்ளையும் நடு வகுப்பில் கிளம்பிவிடும். ஊருக்குப் போய் அங்கே ஒரு பள்ளியில் பெயர் சேர்ந்தால்தான் படித்த படிப்பு கணக்கில் வரும்.

ஊதியக் குழுவின் முன் மத்திய அரசு ஊழியர்கள் வைத்த கோரிக்கை நியாயமானது. பெற்றோரின் வேலை நாட்டுக்காக மாறும்போது பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக் கூடாது. செங்கல் அறுக்கும் பெற்றோரின் பிள்ளைக்கும் அது அப்படியே பொருந்தும். 5-ஆம் பிரிவின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும் பிள்ளைக்குத்தான் பொதுத்தேர்வு நெருங்குகிறது, குரூப் எடுக்கும் கவலை வருகிறது, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வாய்ப்பும் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும். வெளிமாநிலக் குடும்பங்கள் அதிகம் இருக்கும் வட்டாரங்களில், பெரிய அரசு மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் செல்லும் எமிஸ் பதிவை ஒடிசா, பீகார் பதிவேடுகளோடு இணைக்க வேண்டும். எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் நடு ஆண்டில் வந்தார்கள் என்ற விவரம் கல்வித்துறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே ஆசிரியரைப் போடுவது என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.